சுவர் வேண்டாம் என்றவள்

ஜனவரி 29

மழையா பனியா என்று முடிவு செய்யாமல் நாள் முழுவதும் எதையோ கொட்டிக்கொண்டிருந்தது வானம். நூலகத்துக்கு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மினெகோ வழக்கம்போல் செய்தித்தாள் அடுக்கின் ஓரத்தில். மடியில் புத்தகம், பக்கம் புரளவில்லை. மூடப் போகிறேன் என்றதும், "இன்னும் கொஞ்சம் இருந்துக்கட்டுமா?" என்றாள். வீட்டுக்குப் போகப் பிடிக்காதவர்களுக்கு இந்த ஊரில் இதைவிட நல்ல இடம் இல்லை. எனக்கும்தான். அவள் கணவன் கென்சாகு குடித்தால் கை நீட்டுவான் என்று மீன் சந்தையில் பேச்சு. மீன் சந்தையில் எதைத்தான் பேசமாட்டார்கள்.

பிப்ரவரி 3

நிலநடுக்கம். உயிரோடு இருக்கிறேன். மற்றதெல்லாம் பிறகு.

பிப்ரவரி 5

பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், கூடைப்பந்துக் கோட்டின்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்று பேயோட்டும் திருநாள்; நூலகத்தில் குழந்தைகள் வறுத்த சோயா மணிகளை வீசி, "பேயே, வெளியே போ!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அப்போது தரைக்கு அடியிலிருந்து ஓர் அடி. ஆட்டம் அல்ல, அடி. பிறகுதான் ஆட்டம். அலமாரிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சரிந்தன. ஒரு சிறுமியை முடியைப் பிடித்து இழுத்தேன். அவள் தலை இருந்த இடத்தில் கலைக்களஞ்சியம் மொத்தமும் இறங்கியது. என் விரல்களில் அவள் முடி கொத்தாக இருந்தது.

துறைமுகத் தெரு எரிந்தது. குழாய்கள் உடைந்துவிட்டதால் தீயணைப்பு வண்டியில் தண்ணீர் இல்லை. இடிந்து தீப்பிடித்த ஒரு வீட்டுக்குள்ளிருந்து யாரோ பாத்திரத்தைத் தட்டினார்கள். எங்கள் வட்டத் தலைவர் மொரிகுபோ — மீனவர் சங்கத்தை நடத்தி ஓய்ந்தவர், எழுபது தாண்டியவர் — உள்ளே ஓடப் பார்த்தார். நான்கு பேர் அவரை மண்ணில் போட்டு அழுத்தினார்கள். அவர்கள் முகத்தில் காறித் துப்பினார். "விடுங்கடா! விடுங்கடா நாய்ங்களா!" தட்டும் சத்தம் வேகமானது. பிறகு நின்றது.

பழைய பேரழிவுகளைப் பற்றி எவ்வளவு படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஓலம் இருந்தது. அந்த நிற்றல் எதிலும் இல்லை.

பிப்ரவரி 9

நகராட்சியில் ஆள் இல்லை. நூலகம் போனாலும் நூலகர் மிச்சம் என்பதால் என்னைச் சேதக் கணக்கெடுப்பில் போட்டுவிட்டார்கள். துணைக்கு ஒசாகாவிலிருந்து உதவிக்கு வந்திருக்கும் ஓனுகி. குரல் பெரிது, வயிறு அதைவிடப் பெரிது. அவர் சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார், நான் சாய்வை அளப்பேன். நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் வீடு "முழுச் சேதம்" ஆகும், அல்லது "பாதி" ஆகும். வரும் உதவியும் அதைப் பொறுத்ததே.

"பாதி" என்று சொன்ன ஒரு வீட்டுக்காரர் கூரை ஓட்டை எடுத்து எங்கள்மேல் எறிந்தார். என் காதை உரசிக்கொண்டு போனது. "பாதி வீட்டுல எந்தப் பாதியில படுப்பேன்?" என்றார். அடுத்த ஓட்டையும் எடுத்தார். ஓனுகி குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இன்னும் ரெண்டு எறிஞ்சீங்கன்னா கூரையே காலி, முழுச் சேதம்னு எழுதிடலாம்" என்றார். அந்த மனிதர் சிரித்தார், உடனே தரையில் விழுந்து அழுதார்.

பிப்ரவரி 14

பின்னதிர்வு. சுவர்க்கடிகாரம் விழுந்து ஒருவர் நெற்றி பிளந்தது. தைக்கும்போது அவர் மருத்துவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

காலையில் வீடுகள், மதியத்துக்குமேல் கூடத்தில் யாருக்கு என்ன தேவை என்று கேட்கும் வேலை. ஓனுகிக்குத் தலை சுற்றுகிறது. போர்வை வேண்டுமா? வேண்டாம். மருந்து? வேண்டாம். "என்னம்மா இது? நடுங்கிக்கிட்டே வேண்டாங்கறாங்க. எங்க ஊர்ல வேணும்னா வேணும்னு காது கிழியக் கத்துவோம்."

சொல்லிக் கொடுத்தேன். இங்கே முதல் "வேண்டாம்" மரியாதை. இரண்டாவது, மற்றவர்களுக்குக் கொடுங்கள் என்று அர்த்தம். மூன்றாவது, கொடுத்துவிடுங்கள், கேட்க வைக்காதீர்கள் என்று அர்த்தம். மூன்று ஆனதும் கேட்காமல் மடியில் வைத்துவிட வேண்டும்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ நிஜமாவே வேண்டாம்னா எப்படிச் சொல்லுவாங்க?"

சிரித்துவிட்டேன். நல்ல கேள்வி என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 17

மேடைக்குப் பின்னால் அட்டைத் தடுப்புகள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. வந்து ஒரு வாரம் ஆகிறதாம். யாரும் பிரிக்கவில்லை. கைக்குழந்தைக்காரி அயானே குளிர் உறைந்த கழிப்பறையில் நின்றுகொண்டு பால் கொடுக்கிறாள். பெண்கள் போர்வைக்குள் நெளிந்து உடை மாற்றுகிறார்கள். வயதான ஆண்கள் அதைப் பார்க்காமல் இருப்பதைப் பார்க்க முடிகிறது.

மொரிகுபோவிடம் போனேன். அன்று தீயில் கருகிய புருவம் அவருக்கு இன்னும் முளைக்கவில்லை.

"சுவரா? எதுக்கு? இங்க எல்லாரும் ஒரே குடும்பம். குடும்பத்துக்குள்ள யாராவது சுவர் வைப்பாங்களா?"

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

"உங்க வீட்டம்மா எங்க உடை மாத்துறாங்க, தலைவரே?"

"குளிர்கோட்டுக்குள்ளயே மாத்திக்குவா. கெட்டிக்காரி."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மனைவி சிரிக்கவில்லை. மிசோ சூப்பை இன்னும் கொஞ்சம் கலக்கினார்.

பிப்ரவரி 19

பெண்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய்க் கேட்டேன். எல்லோரும் "சுவர் வேண்டாம், நமக்கெதுக்குத் தொந்தரவு" என்றார்கள். மூன்று முறை. அயானே இரண்டாவதிலேயே அழுதுவிட்டாள்.

மினெகோ ஆரஞ்சுகளில் அழுகினதைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "எனக்குச் சுவர் வேண்டாம், ஷிஹோ-சான்."

"எல்லாருக்கும்தான் வருது. உங்களுக்கு மட்டும் என்ன?"

"இங்க நல்லா தூக்கம் வருது. ராத்திரியும் விளக்கு எரியுது. எல்லாரும் தெரியறாங்க. வேண்டாம்."

"கண் கூசாதா?"

"வேண்டாமே."

மூன்று. கணக்கு சரி.

கென்சாகு தண்ணீர்க் கேன்களோடு வந்தான். சாராயம் கிடைக்காத இந்த நாட்களில் கூடத்தின் செல்லப்பிள்ளை அவன்தான். "தண்ணி தூக்கறதுல அவனை அடிச்சுக்க ஆள் இல்ல" என்று எல்லோர் வாயிலும். என்னைக் குனிந்து வணங்கி, "சுவர் வந்தா எங்களுக்கு அந்த மூலையைக் குடுங்க. குளிர் அதிகம். நல்ல இடம் பெரியவங்களுக்கு இருக்கட்டும்" என்றான். எவ்வளவு பணிவு என்று நினைத்தேன்.

பிப்ரவரி 22

மொரிகுபோவோடு பெரிய சண்டை. நான் கத்தினேன். நான்! "பால் குடுக்கற பொண்ணு கழிப்பறையில நிக்குறா, நீங்க குடும்பம் குடும்பம்னு பேசுறீங்க" என்றேன். அவர் கையிலிருந்த கோப்பையைச் சுவரில் அடித்தார். என் காலடியில் தூள் தூளானது. பிறகு, "என்ன எழவோ பண்ணித் தொலை" என்றார்.

ஓனுகியும் நானும் கட்டுகளைப் பிரித்தோம். மாலைக்குள் கூடம் முழுக்க ஆள் உயரச் சுவர்கள். அயானே உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. நல்லது செய்தோம் என்ற நிம்மதி.

மூலையை அவர்களுக்குக் கொடுத்தோம்.

பிப்ரவரி 25

எழுத வேண்டும். இடது கையால்தான் எழுத முடிகிறது.

இராணுவத்தார் மைதானத்தில் குளியல் கூடாரம் போட்டார்கள். ஊரே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியது. கூடத்தில் நான், அயானே, முதுகில் அவள் குழந்தை, அடுப்படியில் ரேடியோ கேட்டுக்கொண்டு நாலைந்து பெரியவர்கள்.

யாரோ மெத்தை தட்டும் சத்தம் கேட்டது. வெயில் வந்திருக்கிறது, தட்டட்டும் என்று நினைத்தேன். கூடத்துக்குள்ளே யார் மெத்தை தட்டுவார்கள்?

அடுப்படியில் ஒருவர் ரேடியோ சத்தத்தைக் கூட்டினார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டு, "புருஷன் பொண்டாட்டி விஷயம்" என்றார்.

மூலைச் சுவர் குலுங்கியது. அட்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு கால் வெளியே வந்தது — அவள் கால், காலுறை மட்டும். கிழித்து உள்ளே போனேன். அவள் முடியைக் கையில் சுற்றியிருந்தான். முகம் தரையோடு. மற்றொரு கையில் ரப்பர் பூட்ஸ், குதிகால் பக்கம் கீழே. அவள் ஒரு சத்தமும் போடவில்லை. அடி வாங்கப் பழகியவள். தரையில் கூடைப்பந்துக் கோட்டின்மேல் ரத்தம்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அதே பணிவு. "சத்தமா இருக்கா? மன்னிக்கணும்."

முடியைச் சுற்றியிருந்த கையைக் கடித்தேன். எலும்பு தட்டும்வரை. வாயெல்லாம் அவன் ரத்தம், உப்பு. என்னைத் தூக்கி அடித்தான். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மறுபடி கடித்தேன். கொல்லணும், இவனைக் கொல்லணும், அவ்வளவுதான் தலைக்குள்ள. என் மார்மேல் ஏறி நின்றான்.

அயானே தீயணைப்பானோடு வந்தாள். முகத்துக்கு நேரே திறந்துவிட்டாள். எல்லாம் வெள்ளையாகிவிட்டது. இருமிக்கொண்டு அவன் குனிந்ததும் அதே உருளையால் அவன் முழங்காலில் ஓங்கிப் போட்டாள். ஒரு தடவை இல்லை. குழந்தை வீரிட்டது. "அழாதே செல்லம், ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே போட்டாள்.

ஈரத் தலையோடு ஓனுகியும் மொரிகுபோவும் ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஆம்புலன்ஸில் என்னையும் அவளையும் பக்கத்துப் பக்கத்தில் கிடத்தினார்கள். வீங்கிய கண்ணால் கூரையைப் பார்த்துக்கொண்டு மினெகோ ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"வேண்டாம்னு சொன்னேனே."

பிப்ரவரி 26

நிஜமாவே வேண்டாம்னா எப்படிச் சொல்லுவாங்க?

இப்படித்தான். இதே வார்த்தையில்தான். அவ நூலகத்துல விளக்கு அணையற வரைக்கும் உக்காந்திருந்தது எனக்குத் தெரியாதா? தெரியும். கேட்டேனா?

மார்ச் 2

அவளுக்கு விலா எலும்புகள், ஒரு காதின் சவ்வு. எனக்குக் கட்டு; கூடத்துக்குத் திரும்பிவிட்டேன்.

மொரிகுபோ வந்து நின்றார். "நான் அப்பவே சொன்னேன், சுவர் வேண்டாம்னு."

"நீங்க குடும்பம்னு சொன்னீங்க. உங்க குடும்பம் ரேடியோ சத்தத்தைக் கூட்டிச்சு."

கன்னத்தில் அறைந்தால்கூட அப்படி இருந்திருக்காது அவர் முகம். வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மீன் வெட்டும் கத்தியோடு திரும்பி வந்தார். எல்லாச் சுவர்களையும் பிடுங்கி எறியப் போகிறார் என்று அயானே வழிமறித்து நின்றாள்.

"எம்மேல கை வெச்சுட்டுத்தான் எடுப்பீங்க, தலைவரே."

"தள்ளும்மா. எடுக்கல. குறைக்கறேன்."

ஒவ்வொரு சுவரையும் நெஞ்சு உயரத்துக்கு அறுத்தார். உட்கார்ந்தால் மறைவு. எழுந்து நின்றால் கூடமே தெரியும். சாயங்காலம்வரை அறுத்தார். கை கொப்பளித்து ரத்தம் வந்த பிறகும் யாரிடமும் கத்தியைக் கொடுக்கவில்லை. ரேடியோக்காரர் அறுத்த துண்டுகளைப் பொறுக்கினார்.

மார்ச் 13

கென்சாகுவைப் போலீஸ் விட்டுவிட்டது. அடுத்த விரிகுடாவில் அண்ணன் வீட்டில் நொண்டிக்கொண்டு இருக்கிறானாம். மன்னிப்பாக ஒரு பெட்டி உலர்ந்த கணவாய் அனுப்பியிருந்தான். "திருந்திட்டான் பாவம்" என்று ஒரு குரல் எழுந்தது. மொரிகுபோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் எறிந்துவிட்டு வந்தார்.

ஆனால் தற்காலிக வீடுகள் குடும்பத் தலைவர் பெயரில்தான் தருவார்களாம். அதாவது அவனுக்கு. அவள் அவன் வீட்டில் "அடக்கம்". சுவரைப் பற்றிக் கேட்டது தவிர, தேவை என்ன என்று இத்தனை நாளும் நாங்கள் கேட்டதும் அப்படித்தான் — வீட்டுக்கு ஒருவரிடம், அதுவும் ஆணிடம். அவன் சொன்ன மூலை. அவன் சொன்ன தேவை.

ஓனுகி மேலிடத்துக்குத் தொலைபேசியில் ஒசாகாத் தமாஷெல்லாம் போய்க் கொச்சையாகத் திட்டினார். "அந்தாளு பேர்ல வீடு குடுத்தா அவளுக்குச் சவப்பெட்டியும் சேர்த்து அனுப்புங்க, ரெண்டையும் ஒரே லாரியில ஏத்தலாம்!"

நாளை முதல் ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாகக் கேட்கப் போகிறேன். யாரும் உத்தரவு போடவில்லை. போடட்டும் என்று காத்திருக்கவும் போவதில்லை.

ஏப்ரல் 6

மினெகோவுக்குத் தனி வீடு. அவள் பெயரில்.

மே 12

பேஸ்பால் மைதானத்தில் தற்காலிக வீடுகள் வரிசையாக நிற்கின்றன. இன்று மினெகோவின் முறை. மூங்கில் குருத்து உரித்துக்கொண்டிருந்தாள். என்ன தேவை என்றேன். திரைச்சீலை, இன்னொரு சட்டி, இடது காதுக்கு நல்ல மருத்துவர் என்று வரிசையாகச் சொன்னாள். இடையில் ஒருமுறைகூடத் தயங்கவில்லை.

எல்லோரிடமிருந்தும் வரும் புகாரைப் பற்றிக் கேட்டேன். "சுவர் ரொம்ப மெல்லிசாமே? பக்கத்து வீட்டுக் குறட்டைகூடக் கேட்குதுன்னு சொல்றாங்க."

"ஆமா."

குருத்தை இரண்டாகப் பிளந்தாள். அப்புறம்தான் சொன்னாள். நேத்து கென்சாகு வந்தானாம். பகலிலேயே, குடித்துவிட்டு. கதவை உதைத்தான். இரண்டாவது உதைக்குக் கீல் ஒன்று தெறித்தது. அவள் கத்தவில்லை. தன் பக்கத்துச் சுவரை முஷ்டியால் குத்தினாள்.

"இந்தப் பக்கம் அயானே, அந்தப் பக்கம் தலைவர். வரிசை முழுக்கக் கதவு திறக்கற சத்தம். எல்லாரும் செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய வந்து நின்னாங்க. ரேடியோத் தாத்தாகூட. யாரும் ஒரு வார்த்தை பேசல. அவனைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"எல்லாருக்கும் குனிஞ்சு வணக்கம் போட்டான். யாரும் திருப்பிப் போடல. போயிட்டான்."

திரும்ப வருவானா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கீலை மொரிகுபோ காலையிலேயே மாற்றிவிட்டாராம்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பலமாகத் தும்மினார்கள். மினெகோ கத்தியை நிறுத்தி, நல்ல காதை அந்தப் பக்கம் திருப்பினாள்.

"கேட்குது பாருங்க" என்றாள்.