மண்டபத்துப் பள்ளிக்கூடம்

மார்கழி 22, வெள்ளி

காலையில் பனி. ராகிப் போர் நனைந்துவிட்டது. அப்பாவின் வேட்டிக்கு நீலம் போட்டேன். ஞாயிறன்று பஞ்சாயத்துத் தேர்தல். அப்பாவுக்கு எதிராக மளிகைக் கடை கிருஷ்ணப்பா. அவர் சொல்வது ஒன்றே ஒன்று. பெருமாள் கோயில் மண்டபத்தில் நடக்கும் பள்ளிக்கூடத்தை ஏரிக்கரைப் புறம்போக்குக்கு மாற்ற வேண்டும், சேரிப் பிள்ளைகளும் உள்ளே உட்கார்ந்து படிக்க வேண்டும்.

இப்போது அவர்கள் வெளியே, புங்கமரத்தடியில். சுதந்திரம் வந்து எட்டு வருஷம் ஆகிறது.

அப்பாவிடம் கேட்டேன். "பேரு ரிஜிஸ்டர்ல இருக்குதில்ல கண்ணு? யாரு வேணாம்னாங்க?" என்றார். அதோடு விட்டுவிட்டேன். டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறேன். போர்டு ஆபீசில் சொல்லி இந்தப் பள்ளிக்கே என்னைப் போடச் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். தலைவராக இருந்தால்தான் அது நடக்கும்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், வெற்றிலை, அப்பாவுக்குக் கண் மருந்து.

மார்கழி 23, சனி

அப்பாவின் பேச்சை எழுதிக் கொடுத்தேன். அவர் எங்கள் வீட்டுப் பேச்சான தெலுங்கில் சொல்லச் சொல்ல நான் தமிழில். 'எல்லாருக்கும் கல்வி' என்று நானாகவே ஒரு வரி சேர்த்தேன். நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வரி முழுப் பொய்யும் இல்லை. இந்தப் பள்ளிக்கு அனுமதி வாங்க அப்பா ராயக்கோட்டைக்கு நடந்து, அப்போது ஓடிய சின்ன ரயிலில் மொரப்பூர் போய், அங்கிருந்து சேலம். எத்தனை தடவை! முதல் வாத்தியாருக்கு வருஷக்கணக்கில் எங்கள் வீட்டுச் சோறு. பொட்டைப் பிள்ளைக்குப் படிப்பெதற்கு என்று பெரியப்பா கத்தினபோது, என்னைத் தோளில் தூக்கிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தவர். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் சேரிப் பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்து, மறுநாள் மண்டபத்தைக் கழுவிவிடச் சொன்னவரும் இவர்தான். இரண்டையும் ஒரே பெருமையோடு சொல்வார்.

மாலையில் புழக்கடைப் பக்கம் திம்மக்கா. எங்கள் நிலத்தில் ராகி அறுப்பவள். அவள் மகள் லட்சுமி புங்கமரத்தடியில் படிக்கிறாள். மெல்லக் கேட்டாள்: "நாளைக்கு நீங்க யாருக்கும்மா கை தூக்குவீங்க? படிச்சவங்க. நீங்க தூக்கறதப் பாத்து நானும் தூக்கறேன்."

அடுப்பில் களி இருக்கிறது என்று உள்ளே வந்துவிட்டேன்.

மார்கழி 24, ஞாயிறு

நல்ல வெயில். கோயிலுக்கு எதிர்த் திடலில் கூட்டம். ரகசிய ஓட்டெல்லாம் பெரிய ஊர்களுக்கு. எங்கள் ஊரில் கை தூக்கினால் ஆயிற்று, ஆபீசர் எண்ணிக்கொள்வார்.

முதலில் கிருஷ்ணப்பாவுக்கு. கடைத்தெரு ஆட்கள், சில இளவட்டங்கள். திம்மக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தரையைப் பார்த்தேன். அடுத்து அப்பாவுக்கு என்றதும் தூக்கினேன். கொஞ்சம் பொறுத்து அவளும். அவளுக்குப் பின்னால் சேரிக்காரர்கள் ஒவ்வொருவராக.

அப்பா பார்க்கிறார் என்று சாக்குச் சொல்லவும் முடியாது. அவருக்குக் கண்ணில் புரை. அவ்வளவு தூரத்தில் எது யார் கை என்று தெரியாது. ஜெயித்து வீட்டுக்கு வந்ததும் என்னிடம்தான் கேட்டார், நம் பக்கம் யார் யார் என்று. சொன்னேன். திம்மக்கா பேர் வந்ததும், "பாத்தியா கண்ணு, அவங்களுக்கே நம்ம மேலதான் நம்பிக்கை" என்றார்.

பாயசம் வைத்தேன். என் மேல் எனக்கே அருவருப்பு.

தை 10, திங்கள்

வேலையில் முதல் நாள். சாக்பீஸ், பிரம்பு, கிழிந்த பூகோளப் படம். வெளுத்த வேட்டியில் அப்பாவும் வந்தார். வாசலில் நின்று எல்லோருக்கும் என்னைக் காட்டினார். அந்த நேரத்தில் அவர் மேல் எனக்குப் பிரியம்தான்.

அவர் கிளம்பிய பிறகு திம்மக்கா. லட்சுமிக்கு எண்ணெய் வைத்துத் தலைவாரிக் கூட்டிவந்திருந்தாள். படிக்குக் கீழேயே நின்று கேட்டாள்.

"நீங்கதான் வந்துட்டீங்களேம்மா. இனி உள்ள உக்காரட்டுமா?"

அப்பா இன்னும் தெருமுனை தாண்டவில்லை. லட்சுமியை மரத்தடியிலேயே உட்காரச் சொன்னேன். அங்கே கேட்கும்படி சத்தமாகப் பாடம் நடத்துகிறேன் என்றேன்.

திம்மக்கா என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.