ஆற்றங்கரையில் கேட்ட கேள்வி

ஜனவரி 11

ஏ.சி. மறுபடியும் மண்டையைப் போட்டுவிட்டது. புனோம்பென் வெயிலில் கறுப்பு அங்கி போட்டுத்தான் வாதாட வேண்டும் என்று விதி எழுதியவனை ஒருநாள் என் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும்.

மதியம் அப்பா போன் செய்தார். பழைய ஆட்சியில் பெரிய தலைவனாக இருந்த கியெத்துக்கு முதல் வழக்கிலேயே ஆயுள் தண்டனை கொடுத்தாயிற்றே, சக்கர நாற்காலிக் கிழவனை எதற்கு மறுபடி இழுக்கிறீர்கள் என்று ஊரில் கேட்கிறார்களாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அது ஜனங்களை வெளியேத்தி ஊரைக் காலி பண்ணதுக்கு. இது நம்மளையே காலி பண்ணதுக்குன்னு சொன்னேன்."

அப்பா சட்டம் படித்திருந்தால் என் வேலை போயிருக்கும்.

இந்த வழக்கால் அவனுக்குத் தண்டனை ஒருநாள்கூடக் கூடப்போவதில்லை. குற்றம் சாட்டும் தரப்பான எங்களுக்கு வேண்டியது அந்தப் பெயர்: இனப்படுகொலை. சிறுபான்மை முஸ்லிம்களான எங்கள் சாம் மக்களைக் கொன்றான் என்பது போதாது. சாம் என்பதற்காகவே, அந்த இனமே இருக்கக்கூடாது என்று நினைத்தே கொன்றான் என்று நிரூபிக்க வேண்டும். உத்தரவு அவனுடையதுதான் என்று அவன் தளபதியே சொல்லிவிட்டான். மிச்சம் நோக்கம் ஒன்றுதான். ஐந்து நீதிபதிகளில் நால்வர் நம்பவேண்டும். நம்புவார்கள். நான் விடமாட்டேன்.

ஜனவரி 20

சாவொன் அத்தை சாட்சி சொல்ல வந்துவிட்டார். எங்கள் ஊர்க்காரர். பிறப்பால் நாட்டின் பெரும்பான்மை இனமான கெமர்; இசா மாமாவைக் கட்டிக்கொண்டு சாம் ஆனவர். அந்த ஆட்சியில் ஒருநாள் மேக்கோங் ஆற்றங்கரையில் நிறுத்தப்பட்ட எங்கள் ஊர் சாம்களில் திரும்பி வந்தவர் இவர் ஒருவர்தான். அப்பா வேறு முகாமில் இருந்ததால் தப்பினார்.

கேன்டீன் வாசலில் பிடித்துக்கொண்டார். "என்னடி நபீசா, பாத்தும் பாக்காத மாதிரி போற? வக்கீலம்மாவுக்கு ஊர்க்காரங்க கண்ணுக்குத் தெரியலையா?"

சாட்சியோடு பேசக்கூடாது. அசடு வழியச் சிரித்துவிட்டு நகர்ந்தேன். ஊருக்குப் போனால் இதற்கு வேறு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 21

கெட்டது காரியம்.

காலையில் அத்தை நன்றாகத்தான் ஆரம்பித்தார். குர்ஆனை எரித்தது, பன்றிக்கறி தின்ன வைத்தது எல்லாம் வந்தது. பிறகு கியெத்தின் வக்கீல் எழுந்தார். தேன் ஒழுகும் குரல். "உங்க ஊர்ல கெமர் ஆளுங்களும் பட்டினியால செத்தாங்கதானே அம்மா?"

"ஆமாய்யா. எல்லாருக்கும்தான் கஷ்டம். யாருக்கு இல்ல?"

அவர் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் அவருக்கு என்ன வேண்டும்? எல்லோருக்கும் ஒரே கஷ்டம் என்றால் ஓர் இனத்தை மட்டும் குறிவைத்தது எங்கே?

ஊரில் நாங்கள் எல்லோரும் சொல்வதுதான் அது. அடுத்த வீட்டுக் கெமர்க்காரரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர். அவர் முன்னால் 'எங்களுக்கு அதிகம்' என்று சொல்ல வாய் வராது. அப்படிச் சொல்லித்தான் இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறோம். நானே சொல்லியிருக்கிறேன்.

ஆனா இங்க எதுக்கு அத்தை அந்த மரியாதை? எதிர்ல உக்காந்திருக்கிறது பக்கத்து வீட்டுக்காரரா? அழுகையா வருது, கோவமா வருது.

என் மேலதிகாரி இல்டிகோ, ஹங்கேரிக்காரி, என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நாளைக்கு மறுவிசாரணை நீதான். நீ பதிலை வாயில ஊட்டினா தலைமை நீதிபதி உன்னைத் தோலுரிச்சிடுவார்."

ஊட்டமாட்டேன். அத்தைக்குத் தெரிந்ததை அத்தையே சொல்வார். கேட்கிற விதத்தில் கேட்டால் போதும்.

ஜனவரி 22

கஷ்டத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்: "ஆற்றங்கரையில துப்பாக்கியோட நின்னவங்க உங்ககிட்ட முதல்ல என்ன கேட்டாங்க?"

"நீ யாருன்னு கேட்டாங்க. சாம்னா படகுல ஏறு, கெமர்னா இந்தப் பக்கம் நில்லுன்னாங்க. எங்க வீட்டுக்காரர் ஏறினாரு. நானும் பின்னாலயே ஏறப் போனேன். ஒருத்தன் கையப் பிடிச்சு இழுத்தான். நீ கெமர் பொண்ணு, உனக்கு இங்க என்ன வேலைன்னு திட்டி, கொஞ்சம் அரிசியும் குடுத்து அனுப்பிட்டான்."

அத்தை கியெத்தின் வக்கீல் பக்கம் திரும்பினார். "நேத்து நீங்க கேட்டீங்கல்ல. பட்டினி எல்லாருக்கும் பொதுதான்யா. அந்தப் படகு பொது இல்ல."

வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தேன். இல்டிகோ தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினாள்.

ஜனவரி 23

நன்றாகத் தூங்கினேன்.

செப்டம்பர் 7

குற்றவாளி. இனப்படுகொலை. நால்வர் ஆம், ஒருவர் இல்லை.

ஆயுள் தண்டனை, முதல் ஆயுளோடு சேர்த்து ஒன்றாகவே அனுபவிக்க வேண்டும். ஒரு மனிதனுக்கு இருப்பது ஓர் ஆயுள்தானே. கியெத் பாதியிலேயே காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டான். கழற்றட்டும். சாவொன் அத்தையின் பதில் தீர்ப்பில் அப்படியே இருக்கிறது. அந்தப் படகில் ஏறியவர்கள் சாம் என்பதற்காகவே கொல்லப்பட்டார்கள் என்று நீதிபதி வாசித்தார்.

அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அந்தப் பேரைச் சொன்னாங்களா?"

"சொன்னாங்கப்பா."

"சத்தமாச் சொன்னாங்களா?"

"மைக்லப்பா."



செப்டம்பர் 19

கியெத் மேல்முறையீடு செய்கிறான். செய்யட்டும், அங்கேயும் பார்த்துக்கொள்ளலாம். சாட்சிகள் கூட்டத்துக்குச் சாவொன் அத்தையை அழைக்கச் சொன்னாள் இல்டிகோ. வழக்கு விசாரணை முடிந்துவிட்டதால் இப்போது பேசத் தடை இல்லை. கூப்பிட்டேன்.

"வர முடியாதுடி. நான் இத்தா இருக்கேன்."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புருஷனை இழந்தவள் நாலு மாசம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தா. சாவொன் அத்தை ஒருநாளும் தன்னை விதவை என்று சொன்னதில்லை. இசா மாமா 'காணாமல் போனவர்'தான். பெண் கேட்டு வந்தவர்களைக்கூட அப்படிச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினாராம்.

"பள்ளிவாசல் தலைவர் என்ன சொல்றார்?"

"கணக்குப்படி எப்பவோ முடிஞ்சு போச்சும்மான்னார். அது உங்க கணக்கு, எனக்குச் செய்தி இப்பதான், அந்தத் தீர்ப்புலதான் வந்துச்சுன்னேன். சரிம்மான்னுட்டுப் போயிட்டார். ஊரே வந்து உக்காந்துட்டுப் போவுது. நீயும் வா. வழக்கு பேசாத."

ஜனவரி வரை அந்தச் சாட்சி வரமாட்டார் என்று இல்டிகோவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டாள்.

வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்றேன்.