ஒன்பது மடங்கு

அக்டோபர் 22, சனி

பக்கத்து வயலிலும் சோளம் வெட்டி முடித்துவிட்டார்கள். இனி மான்களுக்கு ஒளிய ஓடைக்கரைக் காட்டை விட்டால் வேறு இடமில்லை. வேட்டைக்கு ஆறு வாரம் இருக்கிறது.

துப்பாக்கியை வெளியே எடுத்துத் துடைத்தேன். குழல் முனையில் குறி பார்க்கும் பித்தளை மணி இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு கலங்கல். அழுத்தித் துடைத்தேன். மறுபடியும் கலங்கல். பித்தளை மங்கிவிட்டது போலிருக்கிறது. தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் ஒன்று மாட்டிவிட்டால் தீர்ந்தது. மானை விரட்டிச் சுடும் நம் கூட்டத்தில் எல்லோரும் மாட்டிவிட்டார்கள், நான்தான் பாக்கி.

மனைவி வெர்னாவிடம் சொன்னேன். "ஹீட்டர் ரிப்பேருக்கு அழுததே போதும். நூறு டாலருக்கு மேல ஒரு காசு கிடையாது" என்றாள். மூச்சு விடாமல் அடுத்த வார்த்தை: "முதல்ல கண் டாக்டரப் பாரு, ஹார்லன்."

துப்பாக்கிக்குக் கண்ணாடி கேட்டால் எனக்குக் கண்ணாடி மாட்டப் பார்க்கிறாள்.

நவம்பர் 5, சனி

ஊருக்குள் போய்த் துப்பாக்கிக் கடை ரஸ்ஸைப் பார்த்தேன். மேஜைமேல் மூன்று ஸ்கோப் எடுத்து வைத்தான். முதலாவது இருநூற்றைம்பது, அதைத் தொடவே இல்லை. இரண்டாவது நூற்று முப்பது, ஒன்றரை மடங்கிலிருந்து நாலு மடங்குவரை காட்டும். மூன்றாவது எழுபத்தொன்பது. மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு.

"நடுவுல இருக்கறத எடுங்க" என்றான் ரஸ். "நீங்க விரட்டு வேட்டைக்காரங்க. பக்கத்துல பாயுற மானுக்குப் பெருசா காட்ட வேணாம், அகலமா காட்டணும். ஒன்பதுல வெச்சா மானோட தோல்தான் தெரியும், மான் தெரியாது. அப்புறம், அந்த மலிவானதுல கண்ண ரொம்பக் கிட்ட வைக்கணும். உங்க துப்பாக்கி உதைக்கிற உதைக்குப் புருவத்தக் கிழிச்சிரும்."

வாசலில் நின்று இரண்டிலும் பார்த்தேன். தெருவுக்கு அந்தப் பக்கம் தீவனக் கடைப் பலகை. நடுவிலுள்ளதில் எழுத்துகள் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தன. மலிவானதை ஒன்பதுக்குத் திருப்பினேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்! விலை வாசிக்க முடிந்தது. கடைக்காரன் ஆயிரம் சொல்வான், விலை கூடியதைத்தானே விற்கப் பார்ப்பான்.

எழுபத்தொன்பதை எடுத்துக்கொண்டேன்.

"அப்ப இந்தப் பைனாகுலரையாவது எடுத்துக்கிட்டுப் போங்க, நாப்பது டாலர்தான். எது மான், எது ஆளுன்னு பாக்க இது. சுட மட்டும்தான் அது" என்றான்.

நூறைத் தாண்டும். வேண்டாம் என்றேன். ஒரே வேலைக்கு இரண்டு கண்ணாடி எதற்கு?

நவம்பர் 6, ஞாயிறு

சமையலறை ஜன்னலிலிருந்து ஸ்கோப்பில் பார்த்தேன். வேலிக் கம்பத்தில் உட்கார்ந்திருந்த பருந்தின் அலகுகூடத் தெரிந்தது. இவ்வளவு நாள் அதைக் கம்பத்தின் முடிச்சு என்றே நினைத்திருந்தேன்.

நவம்பர் 13, ஞாயிறு

எல்டனின் கல்குழியில் குறி சரிபார்த்தோம். எல்டன் வெர்னாவின் தம்பி. விரட்டுக்கு அவன்தான் தலைவன். யார் நடந்து விரட்டுவது, யார் காட்டின் முனையில் நின்று சுடுவது, எல்லாம் அவன் சொல்படிதான்.

ஆறு தோட்டா. நாலு அட்டையில் பட்டது. ரஸ் சொன்ன மாதிரி புருவத்தில் ஒரு கீறல், பிறை வடிவில். எல்டன் சிரித்தான். "முத்திரை குத்திட்டாங்க மச்சான் உனக்கு!"

அப்புறம்தான் அது நடந்தது. குழியின் மேட்டில் யாரோ நின்றார்கள். யாரென்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளத் துப்பாக்கியைத் தூக்கினேன். அவ்வளவுதான். தோட்டாகூட உள்ளே இல்லை.

எல்டன் குழலைப் பிடித்துத் தரையைப் பார்க்க அழுத்தினான். சிரிப்பெல்லாம் போய்விட்டது. "என்ன மச்சான் பண்ற? அது என் பொண்டாட்டி. சாப்பாடு கொண்டாந்திருக்கா."

"யாருன்னு பாத்தேன்டா."

"ஆளப் பாக்கறதுக்குக் கண்ணு இருக்கு. வேற எவனாவது இருந்தா இப்பவே சட்டிக்கு அனுப்பியிருப்பேன்."

சட்டி என்றால் அவன் கொட்டகையில் இருக்கும் பெரிய சில்லி சட்டி. நிற்கவும் நடக்கவும் லாயக்கில்லாதவன் மற்றவர்களுக்குப் பீன்ஸும் கறியும் கிளறிக்கொண்டிருக்க வேண்டும். கூட்டத்தில் மூத்தவர் வெண்டல் மூன்று டிசம்பர் கிளறினார். நாலாவது டிசம்பருக்கு அவரே இல்லை. செத்தது சர்க்கரையால்தான், சட்டியால் அல்ல. ஆனாலும்—

நான் கிளற மாட்டேன்.

நவம்பர் 16, புதன்

வெர்னா வாங்கி வைத்திருந்த கண் டாக்டர் நேரத்தைப் போன் செய்து ரத்து பண்ணினேன். வேட்டை முடியட்டும்.

நவம்பர் 24, வியாழன்

நன்றித் திருநாள். வான்கோழி நன்றாக வெந்திருந்தது. மகள் டானா வந்திருந்தாள். நான் குழம்பை உருளைக்கிழங்குக்குப் பதிலாக மேஜைவிரிப்பில் ஊற்றிவிட்டேன்.

"அப்பா, தட்டு இங்க இருக்கு" என்றாள். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது மட்டும் எனக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

"இந்த வருஷம் நானும் வர்றேன்பா. விரட்ட ஆள் பத்தலைன்னு மாமா கூப்பிட்டார். நீங்க நில்லுங்க, நான் மானை ஓட்டிக்கிட்டு வர்றேன்" என்றாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. சாப்பிட்டு எழுந்ததும் போய் ஸ்கோப்பை இன்னொரு தடவை துடைத்தேன். 

டிசம்பர் 2, வெள்ளி

பனித் தூறல். துப்பாக்கி தயார். ஸ்கோப்பை மூன்றில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் பாலில் நனைத்த மாதிரி. ஒன்பதிலேயே விட்டுவிட்டேன்.

டானா வந்து படுத்திருக்கிறாள். அவளுடைய வேலைக்குப் போகும் பழுப்புக் கோட்டும் காட்டில் ஆள் என்று தெரியப் போடும் புது ஆரஞ்சு மேல்சட்டையும் பின்கதவுக் கொக்கியில் தொங்குகின்றன. கோட்டு தெரிகிறது. மேல்சட்டையைத் தேடத்தான் வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் சாயத்தில்கூட மோசடி.

டிசம்பர் 3, சனி

குறி தவறிவிட்டது. ஸ்கோப்பின் கோளாறு, வேறென்ன!

எல்டன் என்னை ஓடை வளைவில் நிறுத்தினான். "மான் உன்னைத் தாண்டி வயலுக்குள்ள போன பிறகு சுடு மச்சான். காட்டுப் பக்கம் சுடாத. அங்க நம்ம ஆளுங்க" என்றான். நாற்பது வருஷமாகத் தெரிந்ததை எனக்கே சொல்கிறான்.

எட்டரை மணி இருக்கும். புதரில் சலசலப்பு. தூக்கிப் பார்த்தேன். வட்டம் முழுக்கப் பழுப்பு, அசைந்தது. காட்டுப் பக்கமா, வயல் பக்கமா? வட்டத்துக்குள் பக்கமே தெரிவதில்லை. பழுப்புதான் தெரிந்தது, அது மான்தான், சுட்டேன். புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம். மான் விழுந்த சத்தம் இல்லை. ஓடிய சத்தமும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து டானா வெளியே வந்தாள். மேல்சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தாள். எனக்கு வந்ததே கோபம்! "அறிவிருக்கா உனக்கு? அதப் போட்டுக்க. எவனாவது மான்னு நெனச்சுச் சுட்டுறப்போறான்!"

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிட்டே வந்து கைக்குட்டையால் என் புருவத்தைத் துடைத்தாள்.  

"சரிப்பா" என்றாள். "வீட்டுக்குப் போலாம்பா. எனக்கு முடியல."

மேல்சட்டையைக் கடைசிவரை போட்டுக்கொள்ளவில்லை.

டிசம்பர் 4, ஞாயிறு

டானா விடியும்போதே கிளம்பிவிட்டாள். துப்பாக்கிப் பெட்டியின் சாவியைக் காணோம். வெர்னாவைக் கேட்டால், "தேடிப் பாக்குறேன்" என்கிறாள், எழுந்திருக்காமலே. தையல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுத மாதிரி இருந்தது. கேட்டதற்கு வெங்காயம் என்றாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

டிசம்பர் 19, திங்கள்

டானா போனில் ஒரே விஷயம்தான் பேசுகிறாள்: "கண்ணக் காட்டுங்கப்பா. எனக்காக." கெஞ்சுகிறாள். அப்படிக் கெஞ்சுகிற பெண் இல்லை அவள்.

எல்டன்கூட அடுத்த விரட்டுக்குக் கூப்பிடவில்லை. எல்லோரும் சேர்ந்து என்னவோ பேசி வைத்திருக்கிறார்கள். தொல்லை தாங்காமல் சரி என்றேன்.

ஜனவரி 17, செவ்வாய்

வலது கண்ணில் புரை எடுத்தார்கள். பத்தே நிமிஷம். "இத்தனை முத்தின புரையோடயா வண்டி ஓட்டுனீங்க?" என்று டாக்டர் கேட்டார்.  பின்னால் உட்கார்ந்திருந்த வெர்னா எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஜனவரி 18, புதன்

காலையில் கட்டைப் பிரித்தார்கள். பனி இவ்வளவு வெள்ளையா? வெர்னா இவ்வளவு கிழவியா? சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து பின்கதவு வழியாக நுழைந்தேன். கொக்கியில் டானாவின் மேல்சட்டை. ஒன்றரை மாதமாக அங்கேதான் தொங்குகிறது, தினமும் அதை உரசிக்கொண்டுதான் போய்வந்திருக்கிறேன். ஆரஞ்சு எப்பேர்ப்பட்ட நிறம்! கண்ணைக் குத்துகிறது.

இடது பக்கம், கைக்குக் கீழே, முன்னால் ஒரு தையல், பின்னால் ஒரு தையல். வெர்னாவின் கை. நூல் துணியைவிடக் கொஞ்சம் சிவப்பு. ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் அகலம். வைத்துப் பார்த்தேன்.

திரும்பினேன். வெர்னா கதவருகே நின்றாள், கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "அவ சொல்ல வேணாம்னா" என்றாள்.

எல்டனைக் கூப்பிட்டு, சட்டி இனி என்னுடையது என்று சொன்னேன். 

நாலு மணிக்கு டானா வருகிறாளாம், என் கண்ணைப் பார்க்க. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். அவள் வண்டி பெரிய சாலையிலிருந்து திரும்புகிறது. உள்ளே அவள் முகம்கூட இங்கிருந்தே தெரிகிறது.