குடைக்கடைக் கண்ணாடிக்குள் ஒரு மரம்

ஜூன் 3, செவ்வாய்

இன்று முழுக்க இலை. இருநூற்றுப் பன்னிரண்டு இலைகளுக்குப் பிசிறு எடுத்தேன். லேசர் வெட்டிய தகட்டின் ஓரத்தில் பூனை நாக்கு மாதிரி ஒரு சொரசொரப்பு நிற்கும். அதை அரத்தால் மழுக்குவதுதான் என் வேலை. பூனை என்றதும் ஞாபகம் வருகிறது, எங்கள் பட்டறைப் படக்காரி வீட்டுப் பூனை இப்போதெல்லாம் அவள் கம்ப்யூட்டர் பெட்டி மேல்தான் தூங்குகிறதாம், சூட்டுக்கு. சரி, இலைக்கு வருகிறேன்.

ஒரு குடைக்கடையின் கண்ணாடி ஜன்னலுக்குள் நிற்க, ஆளைவிடப் பெரிய இரும்பு மரம் கேட்டிருக்கிறார்கள். கிளைக்குக் கிளை நிஜக் குடைகள் பழம்போலத் தொங்குமாம். சாயங்காலம் பட்டறையின் மேல்ஜன்னல் வழியாக வெயில் வந்தது. ஒரு இலையைத் தூக்கிப் பிடித்தேன். நரம்புக்காக வெட்டிய கீறல்கள் வழியே ஒளி இறங்கி, என் கையெல்லாம் இலை நரம்பு. கொஞ்ச நேரம் நானும் மரத்தில்தான் இருந்தேன். யாரும் பார்க்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

படக்காரி என் மேஜைக்கு வந்தாள். பட்டறையில் வெட்டுகிற எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைபவள் அவள்தான்.

"மரம் சும்மா நிக்குதுக்கா. ஒரு கதை இருந்தா நல்லாருக்கும். மழை, குடை, அப்படி ஏதாச்சும்."

கதை கேட்க வந்த இடத்தைப் பாருங்கள்! பட்டறையில் பெயர்ப் பலகை எழுத்துகளுக்குப் பிசிறு எடுத்தே எழுத்துக் கூட்டக் கற்றவள் நான். பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. ஆனால் கதையில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. வான்கோழிக் கதையை அவிழ்த்துவிட்டேன். கல்யாணமான முதல் மாதம், என் மாமா வீட்டுக்குப் போகிறோம், மழை. வாசலில் மூன்று வான்கோழிகள். என் வீட்டுக்காரரைத் துரத்து துரத்தென்று துரத்த, மனுஷன் விரித்த குடையோடு கொய்யா மரத்தில் ஏறிவிட்டார். நான் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். இருபத்தாறு வருடமாகச் சொல்கிறேன், போகிற கல்யாண வீட்டிலெல்லாம். சொல்லத் தொடங்கினால் அவர் கை கழுவ எழுந்துபோய்விடுவார்.

"அண்ணனையே வரையட்டுமாக்கா?"

"வரையேன். காது மட்டும் சரியா வரணும். அது ரெண்டும் முறம்."

ஜூன் 9, திங்கள்

லேசர் மெஷினை ஓட்டுவது என் வீட்டுக்காரர்தான். இன்று பூராவும் குடைக்கடைத் தகடு. தகடு வீணாகக் கூடாதென்று படக்காரி துண்டுகளைத் திருப்பிப் போட்டு நெருக்கி அடுக்குவாள். வான்கோழியின் வாலுக்குள் ஒரு கால், இலைகளுக்கு நடுவே தலைகீழாக ஒரு கை. பொறி ஓடிய இடமெல்லாம் தகடு கோடாகத் திறந்தது. தூக்கத்தில் யாரோ எழுதுகிற மாதிரி இருக்கும், பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

சாயங்காலம் என் மேஜைக்கு வந்த குவியலில் ஒரு காது. அவர் காதேதான்! சிரிப்பை அடக்கிக்கொண்டு பிசிறு எடுத்தேன். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. கள்ளன். வெட்டினவருக்குத் தெரியாமலா இருக்கும்?

ஜூன் 14, சனி

தெரியாது. அவருக்குத் தெரியவே தெரியாது.

கடையிலேயே வைத்துப் பொருத்தினோம். கீழே வெல்டிங்காரர் ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தர, அவர் ஏணியில் நின்று போல்ட் போட்டார். முகத்துக்கு நேரே இருந்தால் எதுவும் வெறும் தகடுதான். எல்லாம் முடிந்து, நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தெருவில் இறங்கினார். நானும் பின்னால் போனேன்.

என்ன அழகு! நீலக் குடை, மஞ்சள் குடை, விளக்கு போட்டதும் சுவரெல்லாம் இலை நிழல். கண்ணாடிக்குள் மட்டும் வேறொரு நேரம் நடக்கிற மாதிரி. நடுக்கிளையில் காதும் குடையுமாக ஒரு ஆள். கீழே மூன்று வான்கோழிகள். தெருவில் போனவர்கள் நின்று சிரித்தார்கள். வெல்டிங்காரர் உள்ளேயிருந்தே கத்தினார்: "அண்ணே, எறங்குங்க! வான்கோழி வீட்டுக்குப் போயிடுச்சு!"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். உள்ளே போய் ஏணியை மடித்தார். நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜூன் 16, திங்கள்

பேசவில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மெஷின் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். பட்டறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "கொய்யா அண்ணன்" ஆகிவிட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

பேசினார். பேசாமலே இருந்திருக்கலாம்.

"கல்யாண வீட்ல சொன்ன, சரி. சொந்தக்காரங்க சிரிச்சா வீட்டுக்குள்ள சிரிச்ச மாதிரி. இது தெரு. என் மூஞ்சிய நானே வெட்டி, நானே மாட்டியிருக்கேன்."

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேங்க."

"மாசக் கடைசியோட நின்னுக்கறேன். முதலாளிகிட்ட சொல்லியாச்சு. தம்பியோட சிமெண்டுக் கடைக்குப் போறேன்."

தம்பி கடை ஆறு மணி நேர பஸ் தூரம். நானும் வரவா என்று கேட்கவில்லை. அவரும் வா என்று சொல்லவில்லை.

ஜூன் 18, புதன்

இப்ப நான் என்ன தப்பு பண்ணிட்டேன்? நடந்ததத்தானே சொன்னேன்? ஒரு வார்த்தை பொய் உண்டா அதுல? இருபத்தாறு வருஷம் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லல. இப்ப மட்டும் ரோஷம்.

குடைக்கடையம்மா போன் பண்ணினாராம். இடுப்பில் ஒன்பது சாவி தொங்கும் அவருக்கு. நடந்தால் மாட்டு மணி. கூட்டம் நிற்கிறதாம், குடையும் போகிறதாம், மேல்கிளை மட்டும் மொட்டையாகத் தெரிகிறதாம். ஏதாவது சேர்த்துத் தரச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 21, சனி

வேலை முடிந்து குடைக்கடைக்கு எதிரே நின்றேன். முதல் மழை. நனைந்த கண்ணாடியில் மரம் அசைகிற மாதிரி இருந்தது. இரும்பு என்று எனக்கே தெரியும், என் அரம் படாத இலை ஒன்றில்லை. ஆனாலும் அசைந்தது. உள்ளே அந்த ஆளின் தலைக்கு மேல் படக்காரி குடையை வைத்துவிட்டாள். உச்சந்தலை தெரியவில்லை. அது என்னவோ தப்பாகப் பட்டது. அவர் குடை அன்று தலைக்கு மேல் இல்லையே. ஒரு பக்கமாகச் சாய்ந்து மேலே நீண்டிருந்தது. உச்சந்தலையில் ரெட்டைச் சுழி; மழைத்தண்ணீர் அந்தச் சுழியில் இறங்கி, பாதை தெரியாத மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிக் காதுப் பக்கம் போனது. இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். அவர் முதுகு காட்டிப் படுத்திருந்தார்.

ஜூன் 22, ஞாயிறு

கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருந்தவளுக்கு, மரத்தில் இருந்தவரின் உச்சிச்சுழி எப்படித் தெரிந்தது?

ஜூன் 23, திங்கள்

நான்தான் மேலே இருந்தேன்.

எழுதவே கை கூசுகிறது. வான்கோழிகள் துரத்தியது என்னை. செருப்பை விட்டுவிட்டு நான்தான் ஏறினேன். அவர் கீழே நின்று குடையால் விரட்டிக்கொண்டிருந்தார். எறங்கத் தெரியலங்கன்னு அழுதேன். அதற்குத்தான் ஏறி வந்தார். வந்து, குடையை என் மேல் பிடித்தார். அதனால்தான் அவர் தலை நனைந்தது.

அன்று சாயங்காலமே, அங்கே வந்திருந்த என் தங்கச்சிகள் சூழ்ந்துகொண்டு என்ன நடந்தது என்று கேட்டார்கள். புதுப்பெண், வெட்கம். என்னை மரத்திலிருந்து இறக்கிக் கிணற்றுச் சுவரில் உட்கார வைத்துக் கதையைச் சொன்னேன். அவர் பக்கத்தில்தான் நின்றார். சிரித்தார். கை கழுவப் போனார். அதற்கப்புறம் சொல்லிச் சொல்லி நானே அங்குதான் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 25, புதன்

படக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"மேல்கிளைக்கு ஒரு பொண்ணப் போடு. குடைய அவ தலைக்கு மேல நகர்த்து. செருப்பு ஒண்ணு கீழ, வான்கோழி வாயில."

"மூஞ்சி யாரு மாதிரிக்கா?"

"என் மாதிரிதான். அழுவுற மாதிரி. அழகா எல்லாம் போட்டுறாத."

ஜூன் 27, வெள்ளி

அவர் வெட்டினார். பின்னலும் விரலும் செருப்பும் ஒரே தகட்டில் சிதறிக் கிடந்தன. மெஷின் ஓய்ந்தபின் தகட்டருகே குனிந்து வெகுநேரம் நின்றார். என்ன தெரிந்ததோ. துண்டுகளை எப்போதும் கொட்டுகிற மாதிரிக் கொட்டவில்லை. ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

ஜூன் 30, திங்கள்

மாசக் கடைசி.

கடையில் அவர் ஏணி மேல். நான் கீழே. இரும்புப் பெண்ணை இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தேன். குடைக்கடையம்மாவும் வெல்டிங்காரரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்க வைக்கணும்?" யாரையும் பார்க்காமல்தான் கேட்டார்.

"மேல. உங்களுக்கும் மேல."

"இங்கயா?"

"இன்னும் மேலங்க. நான்தானே மொதல்ல ஏறினேன்." எல்லார் காதிலும் விழுகிற மாதிரியே சொன்னேன். "இவர் என்ன எறக்கத்தான் ஏறினார். இத்தன நாளா மாத்திச் சொல்லிட்டிருந்தேன்."

வெல்டிங்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். குடைக்கடையம்மாவின் சாவிக்கொத்து குலுங்கியது. வெல்டிங்காரர் வாயை மூடிக்கொண்டார். மேலே டிரில் ஓடியது. டிரில் நின்ற பிறகும் அவர் இறங்கவில்லை. இலைகளுக்கு நடுவே அவர் முகம் பாதிதான் தெரிந்தது.

ஜூலை 4, வெள்ளி

மழை. தம்பி கடைக்கு அவர் போகவில்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவை என் மேஜையில் வைத்து, அரத்தையெல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். படக்காரி கேட்டாள், "அண்ணே, அன்னிக்கு என்னதான் நடந்துச்சு?" அவர் சொல்ல ஆரம்பித்தார். நன்றாகத்தான் சொல்கிறார். வான்கோழிகள் ஏழாகிவிட்டன. ஒன்று ஆள் உயரமாம். நான் நடுவில் பேசவே இல்லை.