சாத்தித்தான் வைத்தேன்

மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நான், அண்ணன், அண்ணி எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்க மனம் வரவில்லை. எழுதிப் பழகிவிட்ட கைக்காகக் கேட்டுவைக்கிறேன்.

போனை ஏன் எடுப்பதில்லை என்று அண்ணனிடம் கேட்டீர்களாம். எடுத்தால் பேச வேண்டும், பேசினால் அதையும் பிடித்து வைத்துக்கொள்வீர்கள். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கினோம். டாக்டரம்மா குறடைப் பிடித்திருக்க, நான் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே ஸ்பீக்கரில் ஒரு பாட்டு. டிங் டிங் என்று மணி, அடியில் மேளம், அதன்மேல் ஒரு பொம்மைக் குரல்: "சாத்தித்தான் வெச்சேன், நான் சாத்தித்தான் வெச்சேன், சாத்தித்தான், தான், தான்."

என் குரல். எலிக்குஞ்சு கத்துகிற மாதிரி மேலே இழுத்துவிட்டாலும் எனக்குத் தெரியாதா? போன வருஷம் பால் திரிந்த அன்று, ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தாமல் விட்டது நான்தான் என்று நீங்கள் ஒரே பிடியாகப் பிடித்தபோது அழுதுகொண்டே சொன்னது. நான் மூக்கை உறிஞ்சியதைக்கூட விடவில்லை, தாளத்துக்கு வைத்திருக்கிறீர்கள். நீங்கள் கம்ப்யூட்டரில் பாட்டுக் கட்டுவது தெரியும். என்னை வைத்துக் கட்டுவீர்கள் என்று தெரியாது.

டாக்டரம்மா காலால் தாளம் போட்டார். "என் பொண்ணு வாயில எந்நேரமும் இந்தப் பாட்டுதான்" என்றார். குழாய் நழுவி, பெரியவரின் எச்சிலும் ரத்தமும் என் கோட்டில் வழிந்தன. அது எனக்கு அருவருப்பாக இல்லை. பாட்டுதான் அருவருப்பாக இருந்தது.

கொஞ்ச நாள் தள்ளியிருக்கலாம் என்றுதான் இங்கே வந்தேன். மாதக் கடைசியில் கொண்டுவந்து விடுவதாக அண்ணன் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அண்ணிக்கு இஷ்டமில்லை. "அந்த மனுஷன்கிட்ட அப்படி என்னத்தக் கண்ட?" என்கிறாள். நான் எப்போதும் ஒன்றையே சொல்வேன். என்ன இருந்தாலும், நான் வாயைத் திறந்தால் அவர் எழுந்துபோய் ஃபேனை நிறுத்திவிட்டு எதிரில் வந்து உட்காருவார், ஒரு வார்த்தை விடாமல் கேட்பார். எந்த வீட்டில் எந்த ஆம்பிளை அப்படிக் கேட்கிறான்? அந்த ஒன்றுக்காகத்தான் வர ஒப்புக்கொண்டேன்.

அதனால் உங்களிடமே கேட்டுவிடுகிறேன். அந்தப் பாட்டில் என் பதில் இருக்கிறது, உங்கள் கேள்வி எங்கே?

இப்படிக்கு,
உங்கள் மனைவி

மார்ச் 9

என் செல்லக் குருவிக்கு,

உன் கடிதம் கண்டு வருத்தமும் சந்தோஷமும். வருத்தம், நீ மனம் நொந்தது. சந்தோஷம், பாட்டு பல் ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கிறதே.

கோபித்துக்கொள்ளாதே. அது நீ என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வோர் அசையாக வெட்டி, சுருதியை ஏற்றி இறக்கி, ஸ்வரத்தில் உட்கார வைத்திருக்கிறேன். சோறு தண்ணி மறந்து செய்த வேலை. உண்மையில் நீ பெருமைப்பட வேண்டும். சிரித்துப் பேசும்போது உன் குரல் அலைபாய்கிறது, ஒன்றுக்கும் உதவாது. அழுதுகொண்டே பேசும்போதுதான் நேராகப் பஞ்சமத்தில் போய் நிற்கிறது. நான் அதிகம் இழுக்கவே வேண்டியிருக்கவில்லை.

என் கேள்வியையும் வைத்துப் பார்த்தேன். கரகரவென்று பாட்டையே கெடுத்தது. எடுத்துவிட்டேன்.

கேட்கிறவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். "வீட்டுல எடுத்ததா இது? ஒரு இரைச்சல் இல்லையே" என்கிறார்கள். சும்மா வருமா? மைக்கைப் புத்தக அலமாரியில் வைத்துவிட்டு, காலையிலேயே ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். அது உறுமிக்கொண்டே இருக்கும். நீ பேச ஆரம்பித்ததும் ஃபேனை நிறுத்தினால் போதும், பளிங்கு மாதிரிப் பதிவாகும்.

மாதக் கடைசி வரை எதற்கு? இப்போதே வந்துவிடு. வீடு சத்தமே இல்லாமல் கிடக்கிறது.

என்றும் உன்,
அன்புக் கணவன்

மார்ச் 13

உனக்கு,

நீ என்று எழுதுவதைப் பார்த்து அண்ணி, "என்னடி இது?" என்றாள். மரியாதை கொடுக்க ஆள் இல்லை அண்ணி என்றேன்.

காலையிலேயே பிளக்கைப் பிடுங்கிவிடுவாயா? பிறகு நீயே ஃபிரிட்ஜைத் திறந்து, திரிந்த பாலை என் மூக்குக்கு நேரே நீட்டி, கதவை ஏன் சாத்தவில்லை என்று கேட்டாயா? கேட்கும்போதே அலமாரியில் மைக் ஓடிக்கொண்டிருந்ததா? கடைசியில் நான் மன்னிப்புக் கேட்டேனே. சாத்திய கதவுக்கு மன்னிப்புக் கேட்டேனே.

அன்றிலிருந்து எனக்கு என் கைமேலேயே நம்பிக்கை இல்லை. இந்த வீட்டிலும் படுக்கப் போகுமுன் ஃபிரிட்ஜ் கதவைத் தள்ளிப் பார்ப்பேன், திரும்பி வந்து இன்னொரு தரம் தள்ளிப் பார்ப்பேன். "கதவு என்ன ஓடியா போயிடும்?" என்று அண்ணி கேலி செய்வாள்.

அதுகூடப் போகட்டும். அம்மா போய்ச் சேர்ந்த செய்தி வந்த அன்றும் ஃபேனை நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாய். வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தாய். என்மேல் இவ்வளவு அக்கறையா என்று அந்த அழுகைக்கு நடுவிலும் நினைத்தேன். இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது, குளித்தாலும் போகவில்லை. அந்தப் பதிவும் உன்னிடம் இருக்கும். இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. பதில் எழுதாதே.

நான் வரமாட்டேன். உன் கடிதத்தை அண்ணனிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுப் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். என் துணிமணிகளை எடுக்க அவர் வருவார். உன்னிடம் எதுவும் பேசமாட்டார்.

நேற்று ஃபிரிட்ஜ் கதவை ஒரே தரம் சாத்தினேன். போய்ப் படுத்துவிட்டேன்.

மார்ச் 18

குருவிக்கு,

உன் அண்ணன் வந்து பெட்டியை எடுத்துப்போனார். நீ சொன்னபடியே ஒரு வார்த்தை பேசவில்லை.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நியாயம் உன் பக்கம்தான். பதில் எழுதாதே என்றாய், ஆனால் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சாத்திய கதவுக்கு மன்னிப்புக் கேட்டேனே" என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தைப் படிக்கும்போதே எனக்குச் சுருதி கேட்கிறது. அந்தக் கடிதத்தை நீயே ஒரு தரம் வாய்விட்டுப் படித்து, போனில் பதிவு செய்து அனுப்பு. அழ வேண்டும் என்றில்லை. தானாக வந்தால் அடக்காதே. இந்த முறை உன் பெயரையும் போட்டுவிடுகிறேன்.

மற்றபடி இங்கே நலம். படிக்கும்போது மறக்காமல் ஃபேனை நிறுத்திவிடு.

என்றும் உன்,
அன்புக் கணவன்