கொத்திவிட்ட மண்

மார்கழி 18, வியாழன். வெள்ளிமலை.

எரிச்சல் அடங்கவில்லை. பார்த்தீனியச் செடியைத் தின்பதற்காக நான் கொண்டுவந்து விட்ட வண்டுகள், பனி தொடங்கியதும் செடியடி மண்ணுக்குள் போய்த் தூங்குகின்றன. மழை வந்தால்தான் எழும். இன்று போய்ப் பார்த்தால், நிலத்துக்காரர் கோவிந்தன் அங்கேதான் கொத்திக்கொண்டிருந்தார். பின்னாலேயே மைனாக்கள் மண்ணோடு வெளியே வந்த வண்டுகளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன.

"இன்னாங்க பண்றீங்க!" என்று கத்திவிட்டேன்.

"செடியப் புடுங்காதீங்கன்னு சொன்னீங்க, புடுங்கலீங்களே. வண்டு திரும்பி வந்தா தின்ன வேணாமா? தளதளன்னு வரட்டும்னு கொத்திவுட்டுக்கினு இருக்கேன். எருவும் போட்டிருக்கேன்."

களைக்கு எரு! யாரைத் திட்டுவது? செடியைத் தொடாதீர்கள் என்று மூன்று முறை போய்ச் சொன்னேன். மண்ணைத் தொடாதீர்கள் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.