பன்னிரண்டு குஞ்சச் சட்டைகள்

யேசு மரி சூசை

பலெர்மோ, ஜூன் 11

என் அன்பு மகள் ஜெனுஷாவுக்கு அம்மா எழுதுவது. மடுமாதாவின் இரக்கத்தால் நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளை கிரிசாந் தம்பியும் நோர்வேயில் சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு பூசையிலும் கேட்கிறேன், மாதாவே என் முகத்தைக் கண்டு களைத்திருப்பார். மூன்று கிழமையாக நீ என் ரெலிபோனை எடுக்கவில்லை, வட்ஸ்அப்பில் அனுப்பிய ஒன்றையும் திறக்கவில்லை. அதனால்தான் இந்தக் காலத்தில் கடிதம் போடுகிறேன். முத்திரை வாங்கப் போனால் வரிசையில் நின்றவர்களுக்குள் நான்தான் குமரிப்பிள்ளை. ஓகஸ்டில் உன் கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று ரெலிபோனில் கத்திய வாய்தான் இப்போது பேனா பிடித்துக் கெஞ்சுகிறது, நீ சிரித்தாலும் பரவாயில்லை, கடைசிவரை வாசி.

அப்பாவுக்கு மொண்டெல்லோக் கடற்கரையில் சாப்பாட்டுக்கடை வேலை தொடங்கிவிட்டது, வரும்போது ஆளுக்கு முன்னால் மீன் வாசம் வருகிறது. எனக்கு இங்கே இருப்பதற்கான புதுப் பெர்மெஸ்ஸோ அட்டை கிடைத்துவிட்டது, அதில் இருக்கும் படத்தைப் பார்த்தால் நானே என்னை நாட்டுக்குள் விடமாட்டேன்.

இனி என் வெட்கக்கேட்டைக் கேள். நான் துப்புரவு வேலை செய்யும் வீட்டுக்கார அம்மா சின்யோரா எமிலியானா, வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்னால் நடனப் பள்ளி வைத்திருக்கிறார் என்று உனக்குத் தெரியும். இந்த முறை நூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்க நடனமாம், சார்ல்ஸ்டன் என்று பெயர், முழங்காலை உள்ளே வெளியே ஆட்டிக் காலை உதறுவார்கள். ஆடுகிறவர்கள் என் வயதும் அதற்கு மேலுமான சின்யோராக்கள் பன்னிரண்டு பேர். அந்தக் காலத்து அமெரிக்கப் பெண்கள் போட்டது போலச் சட்டை தைத்துத் தருவாயா என்று கேட்டார். பத்து வருடமாகப் பங்கில் முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கிற எனக்கா தெரியாது என்று துணியை அள்ளிக்கொண்டு வந்தேன். அவர் தந்த படத்தைப் பார்த்தால் தலையணை உறை மாதிரி நேர்ச்சட்டை, இடுப்பே இல்லை, கை இல்லை, முதுகு பாதி வெளியே, முழங்காலோடு முடிகிறது, மேலிருந்து கீழ்வரை வரிவரியாகக் குஞ்சம். பாவம், கீறியவருக்குத் தையல் தெரியாது என்று நான் திருத்தத் தொடங்கினேன். இடுப்பைப் பிடித்தேன். மிச்சத் துணியில் முழங்கை வரைக்கும் கை வைத்தேன். முதுகை மூடினேன், நீளத்தில் நாலு விரல் கூட்டினேன். அதோடு விட்டேனா, ஆடும்போது குஞ்சம் பறந்தால் தொடை தெரியுமே என்று ஒவ்வொரு குஞ்சத்தின் நுனியையும் சட்டையோடு சேர்த்துத் தைத்தேன். பன்னிரண்டு சட்டைக்கும். உந்தச் சட்டையை உடுத்துக்கொண்டு ஆடப் போகினமோ, பூசைக்குப் போகினமோ என்று அப்பா கேட்டார், உங்களுக்கு ஒண்டும் விளங்காது, சும்மா இருங்கோ என்றேன்.

ஒத்திகையில் பாட்டைப் போட்டார்கள். சின்யோராக்கள் காலை உதறினார்கள், ஒரு குஞ்சமும் அசையவில்லை. நான் வைத்த சட்டைக்கை இறுக்கிப் பிடித்ததில் ஒருவருக்குத் தூக்கிய கை தூக்கியபடியே நின்றுவிட்டது. எமிலியானா தொப்பென்று கதிரையில் இருந்துவிட்டார். அகஸ்ரீனா, இந்தக் குஞ்சங்கள் என்ன குற்றம் செய்தன, ஏன் சிறையில் போட்டாய் என்று கேட்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன், அவர் கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு ஒரு படப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். அந்த அமெரிக்கப் பெட்டைகள் கூந்தலைக் காதளவுக்கு வெட்டி, காலுறையை முழங்காலுக்குக் கீழே சுருட்டி, உதட்டுக்குச் சாயம் பூசி, பார்க்கிறவர் பார்க்கட்டும் என்று நிற்கிறார்கள். தாய்மார் அழுதார்களாம், சுவாமிமார் பிரசங்கம் வைத்தார்களாம். ஒரு படத்தில், கடற்கரையில் தொப்பி போட்ட ஓர் ஆள் குனிந்து, ஒரு பெட்டையின் குளிக்கிற உடுப்பு முழங்காலுக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்று நாடா பிடித்து அளக்கிறான். அது அவனுக்கு உத்தியோகமாம். அவள் வேறெங்கோ பார்த்துச் சிரிக்கிறாள். நானும் சிரித்தேன். பிறகு அவன் முகத்தைப் பார்த்தேன், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, உலகமே தன் கையில் இருக்கிற மாதிரி எவ்வளவு கவனம். சிரிப்பு நின்றுவிட்டது, பிள்ளை. அது என் முகம்.

நீ கலியாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீடியோவில் வந்தபோது நான் வடிவாயிருக்கு என்று ஒரு சொல் சொல்லவில்லை. திரும்பி நில், முதுகு எத்தனை விரல் திறந்திருக்கு எண்டு அளந்து சொல் என்றேன். பங்குச் சனம் என்ன கதைக்கும் என்றேன், உந்தச் சட்டையை உடுத்தால் நான் கோவிலுக்கு வரமாட்டன் என்றேன். அப்ப வராதேங்கோ என்று நீ ரெலிபோனை வைத்தாய். பங்குச் சனத்துக்குத் தங்கள் முழங்கால் வலி போதும், உன் முதுகைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. உண்மையை எழுதுகிறேன். உன் ஞானஸ்நானச் சட்டையிலிருந்து நீ முதல்நாள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன சட்டை வரை எல்லாம் என் கையால் தைத்தது. இந்த ஒன்றை மட்டும் என்னிடம் கேட்காமல் கடையில் வாங்கினாய். அது எனக்கு நொந்தது. நொந்தது என்று சொல்ல வெட்கமாக இருந்தது, முதுகைப் பிடித்துச் சண்டை போடுவது சுகமாக இருந்தது. இப்போது அன்றைக்கு வீடியோவில் பிடித்து வைத்த உன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அந்த முதுகை வெட்டிய கை நல்ல கை, எனக்கு அப்படி வெட்ட வராது.

ஒரு கிழமை இருந்து எல்லாத் தையலையும் பிரித்தேன். போன சனிக்கிழமை ஆடினார்கள். குஞ்சமெல்லாம் பறந்தது, தொடையெல்லாம் தெரிந்தது, எழுபது வயதுக்காரி ஒருத்தி எல்லாரையும் விட உயரமாகக் காலைத் தூக்கினாள். உன் அம்மா எழும்பி நின்று கைதட்டினாள், அப்பாதான் இழுத்து இருத்தினார்.

நேரத்துக்குச் சாப்பிடு, கலியாண வேலை என்று நித்திரை முழிக்காதே, கிரிசாந் தம்பியின் தாய்க்கு என் அன்பைச் சொல். மாதா உங்கள் இரண்டு பேரையும் கைவிடமாட்டார். அப்பா தனக்கு நோர்வேக்கு விமானச் சீட்டு எடுத்துவிட்டார். எனக்கும் எடுக்கப் போனபோது நான்தான் மறித்தேன். வராதேங்கோ என்று சொன்னது நீ, நீ கூப்பிடாமல் வந்து கோவிலில் முன்வாங்கில் இருக்க எனக்கு முகமில்லை. மறக்காமல் பதில் போடு, நீளமாக வேண்டாம். வாங்கோ அம்மா என்று இரண்டு சொல் போதும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்
அம்மா
அகஸ்ரீனா